கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தை: கார்ப் குறைத்து உடம்பேற்றுபவர் பையில் என்ன இருக்கணும்?

கொடைக்கானல் வாரச்சந்தை என்றதும் எல்லோரும் காய்கறியின் பசுமையைத்தான் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் இங்கே பார்ப்பது வேறு கணக்கு. சோறு, இட்லி, சப்பாத்தி போன்றவற்றின் மாவுச்சத்தை, அதாவது கார்பை, குறைத்துக்கொண்டு ஜிம்மில் எடை தூக்கும் ஒருவர், இந்தச் சந்தையை நம்பி ஒரு வாரம் ஓட்ட முடியுமா?

சந்தைக்கு மதிப்பெண் போட்டால், காய்க்கு 5க்கு 5. நல்ல கொழுப்புக்கு 4. புரதத்துக்கு 2தான். பலரும் சறுக்குவது இந்தக் கடைசி எண்ணில். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சௌசௌ என்று 5 கிலோ காய் வாங்கினால் கை கடுக்கும். அத்தனையிலும் சேர்த்துப் புரதம் 70 கிராம் தேறினாலே பெரிது. 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு நாள் தேவைக்குக்கூட அது போதாது. அதனால் சந்தைக்குள் நுழைந்ததும் காய்ப்பக்கம் திரும்பாதீர்கள். முதலில் புரதம் வாங்கி முடியுங்கள். மிச்சக் காசுக்கும் மிச்ச இடத்துக்கும் காய்.

எவ்வளவு புரதம்? தசை வளர்க்க, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். 70 கிலோவுக்கு 112 முதல் 154 வரை. நாளுக்கு 130 என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 910 கிராம். ஒரு அட்டை முட்டை, அதாவது 30 முட்டை, 180 கிராம் தரும். தோல் உரித்த கோழி 2 கிலோ, எலும்போடு வெட்டியது என்றால் எலும்பு போக 1.4 கிலோ கறி நிற்கும். அதில் 270 கிராம். பச்சை வேர்க்கடலை, அதாவது வறுக்காத காய்ந்த பருப்பு, அரை கிலோவில் 125. பனீர் அரை கிலோவில் 90. நெத்திலிக் கருவாடு 200 கிராமில் சுமார் 100. நாளுக்கு 400 கிராம் தயிர் என்றால் வாரத்தில் 85. கூட்டினால் 850. மீதி 60 காயிலிருந்தே வந்துவிடும். பனீரும் தயிரும் சந்தையில் தேட வேண்டாம், ஊருக்குள் பால் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கோழி வாங்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: சொல்லும் விலை உயிர் எடைக்கா, கறி எடைக்கா? 2 கிலோ உயிர்க்கோழி உரித்துச் சுத்தம் செய்தபின் 1.3, 1.4 கிலோவாகிவிடும்; அதிலும் எலும்பு போகணும். உயிர் எடையை நோட்டில் எழுதிவைத்துப் புரதம் கணக்குப் போட்டால் பாதிக்குப் பாதி பொய்க்கணக்கு. "ஒரு மாசமா சாப்பிடறேன், ஏறவே மாட்டேங்குது" என்பவர்களில் நிறையப் பேரின் பிரச்சினை இதுதான்.

கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை அலசுங்கள். ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் அதை விட்டுவிட்டு இன்னொரு அட்டை முட்டை வாங்கலாம். சைவக்காரர்களுக்கு மளிகைக் கடையில் சில்லறையாக நிறுத்துத் தரும் மீல் மேக்கர் நல்ல கை கொடுக்கும்: காய்ந்த 50 கிராமில் 26 கிராம் புரதம், நார் போக 10 கிராம் கார்ப். வெந்நீரில் ஊறவைத்து மூன்று முறை பிழிந்து கொட்டினால் வாடை போய்விடும். அதோடு பனீரை இரட்டிப்பாக்கி, பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி ஒரு கரண்டி சேர்த்தால்தான் சைவத்தில் 130ஐ நெருங்க முடியும். காயை வைத்து நிச்சயம் முடியாது.

சந்தையின் உண்மையான பெருமை பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் விளைவது. கார்ப் குறைத்தவருக்குப் பசி தானாகவே குறையும். அதனால் தெரியாமலே குறைவாகச் சாப்பிடுவார், தசை நின்றுவிடும். வளர்ச்சிக்குத் தேவையான கூடுதல் 200, 300 கலோரியை இந்தப் பழம் ஒன்று தந்துவிடுகிறது. 150 கிராம் சதையில் 240 கலோரி, 22 கிராம் கொழுப்பு, 13 கிராம் கார்ப். அதில் 10 கிராம் நார்தான். ஆனால் புரதம் 3 கிராம் மட்டுமே. முட்டைக்குப் பதிலாக இதைச் சாப்பிடக்கூடாது, முட்டையோடு சாப்பிடணும்.

தேர்வு செய்யும் விதம் இப்படி. பழத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தாதீர்கள். அழுத்திய இடம் உள்ளே கறுத்துவிடும், அடுத்து வாங்குபவருக்கும் நஷ்டம். காம்புக்குப் பக்கத்தில் லேசாகத் தொட்டால் போதும். கொஞ்சம் இளகினால் இன்றோ நாளையோ சாப்பிடலாம். காம்புக் குமிழை நகத்தால் நெம்பிப் பாருங்கள்: அடியில் பச்சை மஞ்சளாக இருந்தால் நல்லது, பழுப்பாக இருந்தால் உள்ளே நார் கறுத்திருக்கும். காதருகே ஆட்டினால் கொட்டை லொடலொடவென்று ஆடுவது முற்றிய காய்க்கு அடையாளம். இது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். மலைக்குளிரில் அது இன்னும் தாமதமாகும். கல்லாக இருப்பதை ஒரு மலைவாழைப்பழத்தோடு செய்தித்தாளில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வையுங்கள். பழுக்கும் முன் ஃப்ரிட்ஜில் வைத்தால் ரப்பராகவே நின்றுவிடும். ஒரே நாளில் பழுக்கும் 6 வாங்குவதைவிட இளகியது 2, கெட்டியானது 4 என்று கலந்து எடுத்தால் வாரம் முழுக்க ஓடும்.

காய்களில் தாராளமாக எடுக்கக்கூடியவை: காலிஃபிளவர், முட்டைக்கோஸ், சௌசௌ, முள்ளங்கி, நூக்கோல், டர்னிப், பீன்ஸ், ப்ரோக்கோலி, காளான். நார் போக 100 கிராமில் 2 முதல் 5 கிராம் கார்ப்தான். சௌசௌவைச் சன்னமாகத் துருவிப் பிழிந்து, தேங்காய் எண்ணெயில் கடுகு, பூண்டு தாளித்து வதக்கினால் சோற்றின் இடத்தில் குழம்பு ஊற்றிக்கொள்ளலாம். காலிஃபிளவர் சோற்றைவிட வாயு குறைவு. தாளிக்கக் கொடைக்கானல் மலைப்பூண்டைத் தேடி வாங்குங்கள், 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டில் கார்ப் அதிகம் என்று பயப்பட வேண்டாம். ஒரு பல்லில் 1 கிராம்தான்.

பட்டர் பீன்ஸில்தான் ஏமாற்றம். உரித்த பச்சைக் கொட்டை வெள்ளையாகக் குவிந்திருக்கும். "பீன்ஸ்தானே, புரதம்" என்று அள்ளிவிடுவார்கள். 200 கிராம் கொட்டையில் 14 கிராம் புரதம் வருவதற்கு 40 கிராம் கார்ப் கூடவே வருகிறது. பட்டாணியும் கிட்டத்தட்ட அப்படியே. உருளைக்கிழங்கு 100 கிராமில் 17. கேரட், பீட்ரூட் 10. பொரியலுக்கு 100 கிராம் ஒன்றும் செய்யாது, ஜூஸாக்கி அரை கிலோ குடிப்பதுதான் கெடுதல். பிளம்ஸும் பேரிக்காயும் ஆளுக்கு ஒன்று போதும்.

இவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை, நேரம் பார்த்து வைக்கச் சொல்கிறோம். தசை வளர்ப்பவர் கார்பை 50 கிராமுக்குக் கீழே தள்ள வேண்டிய அவசியம் இல்லை. 8 முதல் 12 ரெப், அதாவது 8 முதல் 12 தடவை தொடர்ந்து தூக்கும் செட்டுக்கு எரிபொருள், கார்பிலிருந்து தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன். அது வற்றினால் முதல் செட் நன்றாகப் போகும், மூன்றாவது செட்டில் கை விட்டுவிடும். நாளுக்கு 80 முதல் 120 கிராம் வைத்துக்கொண்டு, அதில் பாதியை உடற்பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னும், முடித்த பிறகும் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு சின்ன மலைவாழைப்பழம். பின்னால் 150 கிராம் வேகவைத்த உருளையோடு 150 கிராம் கோழி. பட்டர் பீன்ஸ் குழம்பும் அன்றைக்குத்தான். ஜிம் இல்லாத நாளில் பச்சைக்காய், முட்டை, பட்டர் ஃப்ரூட் போதும். புரதத்தை ஒரே வேளையில் கொட்டாமல் 30, 35 கிராமாக நாலு வேளைக்குப் பிரியுங்கள்.

கார்பைக் குறைத்த முதல் வாரத்தில் 1, 2 கிலோ சடாரென்று இறங்கும். கொழுப்பும் அல்ல, தசையும் அல்ல. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும், அது வெளியேறுகிறது. கூடவே சிறுநீரில் உப்பும் போகும். தலை கனம், கெண்டைக்கால் பிடிப்பு, மேட்டில் ஏறும்போது கண் இருட்டல் எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். குளிரில் தாகம் தெரியாததால் மலையில் இது இன்னும் மோசம். கோழி எலும்பு ரசத்தில் உப்புப் போட்டுக் காலையில் ஒரு டம்ளர், ஜிம்முக்கு முன் ஒரு டம்ளர் குடித்தால் சரியாகிவிடும். இரண்டு, மூன்று வாரம் தூக்கும் எடை கொஞ்சம் குறையலாம்; அதைப் பார்த்துவிட்டுப் பயிற்சியை விடாதீர்கள். அதன்பின் வாரத்துக்கு 150, 200 கிராம் ஏறினால் சரியான பாதை. ஏறவில்லை என்றால் புரதத்தைக் கூட்டாமல் கடலையோ பட்டர் ஃப்ரூட்டோ கூட்டுங்கள். இந்த ஊர் மேட்டில் பையோடு ஏறி இறங்குவதே கணிசமான கலோரியைத் தின்றுவிடும்.

சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நல்ல பட்டர் ஃப்ரூட்டும் இளசான சௌசௌவும் மதியத்துக்கு நிற்காது. முட்டை அட்டையைக் கடைசியாக வாங்கித் தனிப்பையில் போடுங்கள், இறக்கத்தில் காய்ப்பையோடு மோதினால் பாதி உடைந்துவிடும். மழை மாதங்களில் காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டால் புழு மேலே வந்துவிடும்.

சர்க்கரைக்கு இன்சுலின், க்ளிமிபிரைடு, டபாக்ளிஃப்ளோசின் வகை மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கார்பைக் குறைக்கவே கூடாது; முதல் இரண்டில் சர்க்கரை தாழ்ந்துபோகும், மூன்றாவதில் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மேலே சொன்ன புரத அளவைத் தொட வேண்டாம்.

வெளியூரிலிருந்து புதிதாக வந்து தங்கிச் சமைப்பவர்களுக்கு ஒன்று: ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே 10 நிமிடத்தில் வேகும் முட்டை இங்கே 13 நிமிடம் கேட்கும். வேர்க்கடலையை ராத்திரியே ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். திறந்த பாத்திரத்தில் வேக ரொம்ப நேரம் பிடிக்கும்.