சின்னப் பிள்ளைகளுக்கான அயல்நாட்டு ஊழியம்: ஐந்து வாசல்கள், எது தகும்?

சின்னப் பிள்ளைகள் நடுவே வெளிநாட்டில் ஊழியம் செய்யப் பாரம் உள்ளவருக்கு முன்னால் பெரும்பாலும் நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன. கம்போடியா, உகாண்டா போன்ற நாடுகளில் பிள்ளைகள் இல்லத்தில் சில வாரங்கள் தங்கலாம். ஐந்தாறு மாத சீஷத்துவப் பயிற்சிப் பள்ளியில் சேரலாம். மிஷனரிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஓரிரு ஆண்டு வேலை பார்க்கலாம். மருத்துவக் கப்பலில் பணியாற்றலாம். ஐந்தாவது ஒன்றும் உண்டு, அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை: அந்த ஊர் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது.

செலவையும் காலத்தையும் வைத்து இவற்றை ஒப்பிடுவது சுலபம். நாங்கள் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை கண் விழித்து யாரைத் தேடும்?

பிள்ளைகள் இல்லம்

கேட்டவுடன் இடம் கிடைப்பது இங்கேதான். தகுதியும் கேட்க மாட்டார்கள், அனுபவமும் கேட்க மாட்டார்கள். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

கம்போடியாவைப் பார்ப்போம். 2005-க்கும் 2010-க்கும் இடையே அங்கே பிள்ளைகள் இல்லங்களின் எண்ணிக்கை சுமார் 75 சதவீதம் உயர்ந்தது. போர் முடிந்து வெகுகாலம் ஆன பிறகு, அநாதைப் பிள்ளைகள் குறைந்துவந்த காலத்தில் நடந்தது இது. அரசும் யுனிசெஃபும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இல்லத்தில் இருந்த நான்கு பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. பிறகு அரசு எடுத்த கணக்கில் 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். படிப்பும் ஆங்கிலமும் கிடைக்கும் என்று கிராமத்தில் போய்ச் சொல்வார்கள். ஏழைப் பெற்றோர் நம்பி அனுப்பிவைப்பார்கள். பிள்ளை இருந்தால் தொண்டர் வருவார், தொண்டர் வந்தால் காணிக்கை வரும். காணிக்கை நிற்காமல் வர வேண்டுமானால் பிள்ளை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. நல்ல மனதோடு போகிறவரின் பணமும் இந்தச் சக்கரத்தில்தான் போய் விழுகிறது.

இல்லத்துக்குள் நுழைந்த முதல் நிமிடத்தில் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. இரண்டு வயதுப் பிள்ளை, முன்பின் பார்த்திராத உங்களிடம் ஓடி வந்து மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். "என்ன பாசம்!" என்று கண் கலங்கும். ஆனால் வீட்டில் வளரும் இரண்டு வயதுப் பிள்ளை புதியவரைக் கண்டால் அம்மா சேலைக்குப் பின்னால் அல்லவா ஒளியும்? யாரிடமும் போய் ஒட்டிக்கொள்வது, ஒட்டிக்கொள்ள நிலையான ஆள் இல்லாததன் அடையாளம். இரண்டு வாரத்துக்கு ஒரு தொண்டர் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனால், ஆண்டுக்கு 26 பிரிவுகள் அந்தப் பிள்ளைக்கு. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் ஆறு இல்லங்களிலிருந்து 136 பிள்ளைகளைத் தேர்ந்து 2000-இல் தொடங்கிய நீண்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பாதிப் பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அவர்களிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். பிள்ளைக்குத் தேவை நிறைய அன்பர்கள் அல்ல, போகாமல் இருக்கும் ஒருவர்.

இதை உலகமும் கவனித்துவிட்டது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லத்துக்கென்று பிள்ளைகளைக் கடத்துவதையும் அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களில் தொண்டு செய்வதால் வரும் கேட்டையும் குறிப்பிட்டது.

இன்னொரு ஆபத்தைப் பூசி மெழுகக் கூடாது. 2016-இல் லண்டன் நீதிமன்றம் ஒரு பிரிட்டன்காரருக்கு 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. மலேசியாவின் ஏழைக் கிறிஸ்தவ சமூகங்களில் ஆங்கில ஆசிரியராகவும் தொண்டராகவும் பழகி, ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளைச் சீரழித்தவர் அவர். "ஊழியக்காரர்" என்ற சொல்லே அவருக்குக் கதவு திறந்துவிட்டது. காவல்துறைச் சான்றிதழ் கேட்காமல் உங்களைப் பிள்ளைகளோடு விடும் இடம், அவரைப் போன்றவரையும் விட்டிருக்கும்.

எங்கள் முடிவு: ஐந்து வயதுக்குட்பட்டோர் இருக்கும் இல்லத்துக்குக் குறுகிய காலத் தொண்டராகப் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் கணக்கு, குழாய் வேலை, பணியாளர் பயிற்சி என்று பிள்ளையைத் தொடாத வேலையைக் கேளுங்கள். கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள் என்ற கேள்வியையும் கேளுங்கள். பதில் இழுபட்டால் வேறு இடம் பாருங்கள்.

சீஷத்துவப் பயிற்சிப் பள்ளி

1960-இல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கிய ஒய்வாம் (யூத் வித் எ மிஷன்) இயக்கத்தின் டி.டி.எஸ். என்ற பயிற்சி இதில் பேர்பெற்றது. சுமார் 12 வாரம் வகுப்பு, பிறகு 8 முதல் 12 வாரம் களப்பணி. கட்டணம் மாணவர் பொறுப்பு. களப்பணிச் செலவு தனி. களத்தில் ஊர் ஊராகப் போவதால் ஒரு பாலர் வகுப்புக்கு இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். அந்தரங்க ஜெப வாழ்க்கைக்கும் வேதத் தியானத்துக்கும் நல்ல அடித்தளம் இடும். ஆனால் இது உங்களுக்கான பள்ளி, பிள்ளைகளுக்கான ஊழியம் அல்ல. அப்படித் தெரிந்து சேர்ந்தால் ஏமாற்றம் இல்லை.

மிஷனரிப் பிள்ளைகளின் பள்ளி

கென்யாவின் கிஜாபேயில் 1906-இல் தொடங்கிய ரிஃப்ட் வேலி அகாதெமி, தைவானில் 1952 முதல் இயங்கும் மாரிசன் அகாதெமி, 1956-இல் தொடங்கி இன்று ஜெர்மனியின் காண்டெர்னில் இருக்கும் பிளாக் ஃபாரஸ்ட் அகாதெமி எல்லாம் இந்த வகை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இப்படித் தொடங்கிய பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு புரியும். ஆசிரியர், விடுதிப் பெற்றோர், செவிலியர், சமையல் மேற்பார்வை என்று வேலைகள் இருக்கும். பி.எட். முடித்தவருக்கும், பிள்ளை வளர்த்த அனுபவமுள்ள தம்பதிக்கும் இதைவிடப் பொருத்தமான வாசல் குறைவு.

"இவர்கள் ஏழைப் பிள்ளைகள் இல்லையே" என்று சிலர் தயங்குவார்கள். பிள்ளையின் படிப்புக்கு வழியில்லாமல் களத்தை விட்டுத் திரும்பும் மிஷனரிக் குடும்பங்கள் எத்தனையோ. நீங்கள் ஒன்றாம் வகுப்பு எடுப்பதால், தொலைவில் ஒரு மொழிபெயர்ப்புப் பணி நிற்காமல் நடக்கிறது. தவிர, இந்தப் பிள்ளைக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள். நீங்கள் ஆசிரியர் மட்டுமே. கல்வியாண்டு முடிவில் ஆசிரியர் மாறுவது எந்தப் பிள்ளைக்கும் பழகியதுதான்.

கவனிக்க வேண்டியது விடுதி. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில், மாமு என்ற ஊரில் இருந்த இத்தகைய பள்ளி 1971-இல் மூடப்பட்டது. அங்கே பிள்ளைகள் பட்ட கொடுமைகளை ஒரு சுயாதீன விசாரணைக் குழு 1998-இல்தான் வெளியே கொண்டுவந்தது. ஆறு வயதில் பெற்றோரைப் பிரிந்து விடுதிக்கு வந்த பிள்ளைகள் அவர்கள். ஆகவே எத்தனை வயது முதல் விடுதியில் சேர்க்கிறீர்கள், ஒரு விடுதிப் பெற்றோருக்கு எத்தனை பிள்ளைகள், புகார் சொல்லப் பள்ளிக்கு வெளியே யார் இருக்கிறார் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

சம்பளம் பெரும்பாலும் கிடையாது. சபைகளும் நண்பர்களும் மாதந்தோறும் தாங்க வேண்டும். கென்யாவில் மத, அறப்பணிகளுக்கென்று "ஐ" வகுப்பு அனுமதி உண்டு. பள்ளியே விண்ணப்பிக்கும், மாதக்கணக்கில் இழுக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

மருத்துவக் கப்பல்

1978-இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸின் ஆப்பிரிக்கா மெர்சி, குளோபல் மெர்சி ஆகிய இரண்டு கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நின்று இலவச அறுவைச் சிகிச்சை செய்கின்றன. உதட்டுப் பிளவு, வளைந்த கால், தீக்காயத்தால் ஒட்டிய விரல்கள் என்று பிள்ளைகள் வருவார்கள், ஆனால் தனியாக அல்ல. கூடவே தாயோ பாட்டியோ இருப்பார். நாங்கள் வைத்த அளவுகோலுக்கு இது அப்படியே பொருந்துகிறது.

வேலை நுணுக்கமானது. உதட்டுப் பிளவுள்ள சிசுவுக்கு எப்போது அறுவை செய்யலாம் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: பத்து வாரம், பத்து பவுண்டு (சுமார் 4.5 கிலோ), ஹீமோகுளோபின் பத்து. அண்ணத்தில் பிளவிருந்தால் உறிஞ்ச முடியாது, எடை ஏறாது. கத்தி எடுப்பதற்கு முன் பல வாரம் அந்தத் தாய்க்குப் பால் ஊட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்து எடை பார்ப்பதே ஒரு முழுநேர ஊழியம். வளைபாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, பிறகு மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் பிணைப்புக் காலணி போட வேண்டும். தாய் புரிந்துகொள்ளாவிட்டால் பாதம் பழையபடி திரும்பிவிடும்.

வார்டுக்குப் பதிவுபெற்ற, அனுபவமுள்ள செவிலியர் தேவை. மருத்துவம் படிக்காதவருக்குச் சமையலறை, சலவை, இயந்திர அறை உண்டு. கப்பல் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு உள்ளேயே பள்ளியும் இருப்பதால் ஆசிரியர்களும் போகலாம். பயணச் செலவைத் தொண்டரே திரட்ட வேண்டியிருக்கும், தங்கும் கட்டணமும் இருக்கலாம். சேரும் பணிக்கும் காலத்துக்கும் ஏற்ப விதி மாறும்.

ஆசிரியர் பயிற்சி

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து நாள் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்த ஒரு குழு போனால் 150 பிள்ளைகள் ஐந்து நாள் பாடுவார்கள். அதே ஐந்து நாளில் பத்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தால், ஆளுக்குப் பதினைந்து பிள்ளைகள் என்று அதே 150 பேருக்கு ஆண்டு முழுவதும் 52 ஞாயிறு. பிள்ளைகளின் மொழியும் அவர்களுக்குத் தெரியும், வீடும் தெரியும்.

இரண்டு மூன்று பேர் போனால் போதும். ஒரு நாளில் ஒரே ஒரு திறன்: கதை சொல்வது, மனப்பாட வசனம், பாலர் வகுப்பில் கவனம் நிறுத்துவது என்று. காலையில் நீங்கள் செய்து காட்டுங்கள், மாலையில் அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எடுக்கட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். லேமினேட் செய்த படங்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் திரும்பியதும் தீர்ந்துபோகிற பொருளில் பாடம் கட்டினால் பாடமும் தீரும். கரித்துண்டு, கூழாங்கல், வாழைநார் என்று அங்கே கிடைப்பதில் கட்டுங்கள்.

நம் ஊரில் பழகிய சில விஷயங்கள் அங்கே தவறாகும். வண்ணப் பக்கங்களை மட்டும் காட்டிச் சுவிசேஷம் சொல்லும் எழுத்தில்லாப் புத்தகத்தில் கருப்புப் பக்கம் பாவம் என்று ஆப்பிரிக்கப் பிள்ளைகளிடம் சொன்னால், தன் தோலைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை என்ன நினைக்கும்? இருட்டு என்று சொல்லுங்கள், அல்லது அந்தப் பக்கத்தையே மாற்றுங்கள். கம்போடியாவில் தலை மரியாதைக்குரிய உறுப்பு. தலையில் கைவைத்து ஜெபிக்கும் நம் வழக்கத்தை அங்கே உள்ளூர்ப் போதகரைக் கேட்காமல் செய்யக் கூடாது. நேபாளத்துக்கு இந்தியருக்கு விசா வேண்டாம் என்பதால் பலர் யோசிக்காமல் கிளம்புகிறார்கள். அங்கே மதமாற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரென்றால் நாடுகடத்தலும் சேரும்.

கிளம்பும் முன்

ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கு என்பதால் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். கென்யா, உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி குறைந்தது பத்து நாள் முன்பு. ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். காசநோய்ப் பரிசோதனையை விடாதீர்கள். நம் நாட்டில் அது அதிகம். சின்னப் பிள்ளைக்கு நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது.

பாஸ்போர்ட் சேவாவில் பி.சி.சி. எனும் காவல்துறைச் சான்றிதழுக்கு 500 ரூபாய். சுற்றுலா விசாவில் போகிறவருக்கு அது கிடைக்காது. சான்றிதழ் இல்லாத தொண்டரும் சுற்றுலா விசாவும் சேர்ந்தே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவர் மாநிலக் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்றாவது எடுத்துப் போகட்டும்.

அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். கதவு திறந்திருக்கட்டும். கழிவறைக்கு உள்ளூர்ப் பணியாளரே கூட்டிப்போகட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று பேருக்கு ஒருவர், நான்கு முதல் எட்டு வயதுள்ள ஆறு பேருக்கு ஒருவர் என்பதற்குக் குறையக் கூடாது. பிள்ளையின் முகம் தெரியும் படத்தை ஜெபக்கடிதத்தில் போடாதீர்கள், காணிக்கைக்கு எவ்வளவு உதவினாலும் சரி.

விடைபெறுவதையும் திட்டமிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்று நாள் முன்பே சொல்லி, விரல்விட்டு எண்ணிக் காட்டுங்கள். "மறுபடி வருவேன்" என்று சொல்லாதீர்கள். கடைசி நாள் பரிசுப் பொட்டலத்தை நீங்கள் கொடுக்காமல், அந்த ஊர் ஆசிரியை கையால் கொடுக்கச் செய்யுங்கள். அன்றைய பாட்டையும் அவரே ஆரம்பிக்கட்டும்.