குறட்டுக்குப் பல் இருக்கான்னு பாத்துட்டு காசைக் கொடுங்க

வளைகாப்பு வீட்டுல மாலை அறுந்து விழுந்தா எப்படி இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. போன கார்த்திகையில, சேரன்மகாதேவியில, எங்க மைனியோட தங்கச்சிக்கு வளைகாப்பு. கழுத்துல கிடந்தது நான் கோத்துக் கொடுத்த மூணு சர முத்துமாலை. வலது கை முடிஞ்சு இடது கைக்கு வளையல் அடுக்கிட்டு இருக்கும்போது நடுச் சரம் பைய நழுவுச்சு. சந்தனக் கிண்ணத்துல நாலு பாசி, அவ மடியில ஒரு பத்து, மிச்சமெல்லாம் ஜமுக்காளத்துல உருண்டு ஓடுது. பிள்ளைத்தாச்சி முகம் சுண்டிப் போச்சு. பின்னால உக்காந்திருந்த ஒரு பெரியம்மை, "என்னட்டி இது, நல்ல நாளும் அதுவுமா"ன்னாங்க. அதைவிட மோசம், தவழுற பிள்ளை ஒண்ணு பாசியை எடுத்து வாயில போட்டுட்டான். அவன் அம்மா விரலை விட்டு எடுத்துட்டா, அந்த மட்டுக்கும் தெய்வாதீனம்.

"மாலை எங்க வாங்குனது?"ன்னு யாரோ கேட்டாங்க. நான் அடுக்களையில வடையை எண்ணி எடுத்து வச்சிட்டு இருந்தேன். அப்படியே பின்வாசல் வழியா வெளியே போயிடலாமான்னு இருந்துச்சு.

இதை எழுதுறதுக்குக் காரணம், என்னை மாதிரி வீட்டுல இருந்தே பாசி வேலை செஞ்சு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல விக்கிற பெண்கள் பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், மேலப்பாளையம்னு தெருவுக்கு ரெண்டு பேராவது இருக்கோம். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கலாம், இன்னும் தெரியாம இருக்கலாம்.

திருநெல்வேலியில ஒரு இடம். பேர் போடல. சனி, ஞாயிறு ரெண்டு நாள் நகை செய்யும் பயிற்சி, கட்டணம் 1,500 ரூபாய். போன பிறகுதான் சொன்னாங்க, 'கிட்' அவங்ககிட்டயே வாங்கணும், வெளியில வாங்குனதைக் கொண்டுவரக் கூடாதுன்னு. அது 2,400. நோஸ் பிளையர், கட்டர், வட்ட மூக்குக் குறடு, ஒரு கிரிம்பிங் குறடு, ரெண்டு ரோல் கியர் வயர், ஒரு பாக்கெட் கியர் லாக், கொக்கி, ஜம்ப் ரிங்ங்கிற குட்டி வளையம், கொஞ்சம் முத்து. பாக்க நிறைவாத்தான் இருந்துச்சு. எல்லாக் குறட்டுக்கும் நீலக் கைப்பிடி.

பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கியர் வயர்ங்கிறது மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கி மேல நைலான் பூசினது. நூல் மாதிரி முடிச்சுப் போட்டா நிக்காது, மடிஞ்சு உடையும். அதனால கொக்கியில வயரை மாட்டி, திருப்பிக் கொண்டுவந்து, ரெண்டு வயரையும் ஒரு குட்டிக் குழலுக்குள்ள விட்டு நசுக்கிப் பிடிக்கணும். அந்தக் குழல்தான் கியர் லாக், கிரிம்ப் பீட்னும் சொல்வாங்க. மாலையில இருநூறு பாசி இருந்தாலும் அத்தனை பாரமும் தொங்குறது ரெண்டு மில்லிமீட்டர் நீளக் குழல்ல. அதை நசுக்குறதுக்கு ஒரு தனிக் குறடு. அந்தக் குறட்டுலதான் எனக்கு ஆப்பு வச்சாங்க.

வகுப்புல சொல்லிக் கொடுத்த அக்கா நல்லாப் பேசுனாங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா அவங்க கையில இருந்த குறட்டுக்குச் சிவப்புக் கைப்பிடி. இது அன்னைக்கே என் கண்ணுல பட்டுச்சு, மண்டையில ஏறல. அவங்க அமுக்குனா லாக் அழகா உருண்டையா மடிஞ்சு நிக்கும். நாங்க இருபது பேர் அமுக்குனா எல்லாருக்கும் அவல் மாதிரி தட்டையாச்சு. என் பக்கத்துல வந்து, என் வயரை வாங்கி, தன்னோட குறட்டால ஒரு அமுக்கு அமுக்கிக் காட்டி, "பாத்தீங்களா, கை பழகப் பழக வந்துரும்"னாங்க. நானும் கை பழகலன்னே நம்பினேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் லேமினேட் பண்ணின சான்றிதழ், குரூப் போட்டோ, ஒரு சமோசா. சந்தோஷமா வீட்டுக்கு வந்து ரெண்டு மாசத்துல 14 மாலை கோத்து வித்தேன்.

வளைகாப்பு முடிஞ்சு அறுந்த மாலையைத் துணியில முடிஞ்சு கொண்டு வந்தேன். ராத்திரி செல்போன் கேமராவைப் பெருசாக்கிப் பாத்தா, வயர் அறுந்து போகவே இல்ல. முழுசா இருக்கு. லாக்கும் கொக்கியிலேயே தொங்குது. வயர் மட்டும் அதுக்குள்ள இருந்து உருவிக்கிட்டு வந்திருக்கு. இன்னொரு சரத்துல லாக்கே நீளவாக்குல கீறி இருந்துச்சு. தலைமுடி அளவு கீறல்தான். அதுவும் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது.

சென்னையில இந்த வேலையை ரொம்ப வருஷமாச் செய்யிற தோழி ஒருத்திக்கு வீடியோ கால் போட்டேன். மாலையை அவ பாக்கவே இல்ல. "குறட்டோட வாயைத் திறந்து வெளிச்சத்துல காட்டு"ன்னா. காட்டினேன். சிரிச்சுட்டா. "பல்லே இல்லையேடி இதுல."

சரியான கிரிம்பிங் குறட்டோட வாயில ரெண்டு பள்ளம் இருக்கும். கைப்பிடி பக்கமா உள்ள தள்ளி இருக்கிறதுல ஒரு பக்கம் பிறைநிலா மாதிரி குழி, எதிர்ப்பக்கம் அதுக்குள்ள வந்து பதியிற மாதிரி ஒரு சின்னப் பல். முனைப் பக்கம் இருக்கிறது ரெண்டு பக்கமும் வழவழன்னு முட்டை வடிவம். முதல்ல லாக்கை உள் பள்ளத்துல வச்சு அமுக்கணும். அமுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வயரும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பக்கத்துல பக்கத்துல கிடக்கான்னு பாக்கணும். அந்தப் பல் குழலோட நடுவுல இறங்கி, வாய்க்கால் வரப்பு மாதிரி ரெண்டாப் பிரிச்சுடும். இந்தப் பக்கம் ஒரு வயர், அந்தப் பக்கம் ஒரு வயர், தனித்தனியா இறுகிடும். பிறகு லாக்கைக் கால் வட்டம் திருப்பி முன் பள்ளத்துல வச்சு அமுக்குனா, அந்த வரப்பு வழியா புத்தகம் மூடுற மாதிரி மடிஞ்சு உருண்டையாகும். இறுக்கிப் பிடிக்கிறது முதல் அமுக்கு. ரெண்டாவது அந்தப் பிடியை மடிச்சுப் பூட்டும்.

என் நீலக் குறட்டுல ரெண்டு பள்ளமும் ஒரே முட்டை வடிவம். பல்லும் கிடையாது, பிறையும் கிடையாது. அதை வச்சு எத்தனை அமுக்கு அமுக்குனாலும் வயர் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் நசுங்கும். ஒண்ணு நழுவும், இல்லைன்னா ஒண்ணு மத்ததோட நைலானை வெட்டி உள்ள இருக்கிற கம்பியை அரிக்கும். அதோட குறட்டை மூடிப் பிடிச்சு ஜன்னலுக்கு நேரா வச்சுப் பாத்தா ரெண்டு தாடைக்கு நடுவுல வெளிச்சம் தெரியுது. ஒரு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அடுத்ததை ஆட்டினா தாடை இடமும் வலமும் ஆடுது. பட்டாணி கூட உடைக்க ஆகாது.

அடுத்து அந்தத் தோழி, "லாக்குல காந்தத்தை வை"ன்னா. ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த அன்னாசிப்பழ பொம்மையைக் கழட்டி வச்சேன். பாக்கெட்டுல இருந்த லாக்கெல்லாம் எறும்பு மாதிரி ஓடி வந்து ஒட்டிக்கிச்சு. நல்ல லாக் செம்பு, பித்தளை, வெள்ளி இதுல வரும், காந்தத்துல ஒட்டாது. மெத்துன்னு மடியும். இது இரும்புத் தகட்டைச் சுருட்டி மேல தங்கக் கலர் பூசினது. மடிக்கிற இடத்துல கீறிடும். என் வீட்டுக்காரர் எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறவர். இதைக் கேட்டுட்டு, "நாங்க கேபிள் முனையில லக், அதான் உலோகக் காது, அடிக்கும்போது குறட்டு அச்சு மாறுனா பிடிக்காதுல்லா, அதே கதைதான்"னு சொன்னாரு. அதை ரெண்டு மாசத்துக்கு முந்தி சொல்லியிருந்தா என்னவாம்.

மறுநாள் மாலையை எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போனேன். நெல்லையப்பர் கோயில் பக்கம் ருத்ராட்சம், பவளம் எல்லாம் நூல்ல கோத்துக் குடுக்கிற அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. வயரைப் பாத்துட்டு, "எம்மா, எங்களுக்கு முடிச்சுதான் பூட்டு"ன்னு சொல்லிட்டு பட்டு நூலை எடுத்தாரு. ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல ஒரு முடிச்சு. நூல் எங்கேயாவது அறுந்தா ஒரு முத்துதான் விழும், மிச்சம் நிக்கும். 18 இஞ்ச் சரம், 6 மில்லிமீட்டர் முத்துன்னா சரத்துக்கு எழுபது முத்துக்குப் பக்கத்துல வரும். மூணு சரத்துக்கும் முடிச்சுப் போட அவருக்கு ஒரு நாள் முழுக்கப் பிடிச்சுது. கொற்கையில முத்துக் குளிச்ச காலத்துல கியர் வயர் எங்க இருந்துச்சு, எல்லாம் நூல்தானேன்னு பஸ்ல வரும்போது நினைச்சுக்கிட்டேன். வயர் மோசம்னு சொல்ல வரல. கண்ணாடிப் பாசி, கல்லு மாதிரி ஓட்டை விளிம்பு கூரா இருக்கிறதுக்கு நூல் சீக்கிரம் அறுந்துரும், வயர்தான் தாங்கும்.

அப்புறம் அந்தப் பயிற்சி நடத்துற இடத்துக்குப் போனேன். குறடு, லாக், உருவிக்கிட்டு வந்த வயர் எல்லாத்தையும் மேஜையில பரப்பினேன். அன்னைக்கு "வாங்க மேடம்"னு வாசல் வரைக்கும் வந்தவங்க இப்ப உக்காரக் கூடச் சொல்லல. "உங்க கை அழுத்தம் சரியில்ல மேடம். மத்தவங்க யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே"ன்னாங்க. சரி, உங்க சிவப்புக் குறட்டையும் என் நீலக் குறட்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போமான்னு கேட்டேன். வகுப்பு எடுத்த அக்காவோட குறடு அவங்க வீட்டுல இருக்காம். கடைசியா ஒரு பையன் உள்ளே இருந்து வந்து, பணம் திரும்பத் தர்ற வழக்கம் இல்ல, வேணும்னா 300 ரூபாய்க்கு வேற பொருள் எடுத்துக்கோங்கன்னான். வேற பொருள்னு அவன் காட்டுனதும் அதே லாக் பாக்கெட்தான்!

என் தப்பும் இருக்கு. பணம் கட்டுனப்போ குடுத்த சீட்டை வீட்டுல வந்துதான் ஒழுங்கா வாசிச்சேன். மேல 'எஸ்டிமேட்'னு அச்சடிச்சிருக்கு. கடைப் பேர் இல்ல, ஜி.எஸ்.டி. நம்பர் இல்ல. ஜிபேல அனுப்பினது ஒரு தனி ஆளோட பேருக்குப் போயிருக்கு. நல்லவேளை, வாட்ஸ்அப்ல அவங்க அனுப்பின விளம்பரப் படமும், "கிட் கட்டாயம்"னு போட்ட மெசேஜும் அழிக்காம இருந்துச்சு. 1915, நுகர்வோர் உதவி எண், அதுல கூப்பிட்டுப் புகாரைப் பதிஞ்சேன். அது நகரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடப் போறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள விவகாரத்துக்கு அங்க கட்டணம் கிடையாது, வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். 3,900 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலான்னு வீட்டுல கேக்காங்க. வளைகாப்பு வீட்டுல நான் நின்ன நிலைமைக்கு யார் விலை போடுறது?

குறடு வாங்கப் போறவங்க ஆன்லைன்ல வெறுமனே கிரிம்பிங் டூல்னு தேடாதீங்க. நெட்வொர்க் கேபிள் அடிக்கிறதும், கரண்ட் வயர் லக் அடிக்கிறதும்தான் முதல்ல வந்து நிக்கும். நகை வேலைக்கு உள்ளதுன்னு போட்டிருந்தாலும் வாய்ப் பகுதியைப் பக்கத்துல காட்டுற படம் இல்லைன்னா விட்டுடுங்க. கடையில வாங்குனா வாயைத் திறந்து பல் இருக்கான்னு பாத்து, அங்கேயே ஒரு துண்டு வயர்ல ரெண்டு லாக் போட்டு, வயரை ரெண்டு கையாலயும் நல்லா இழுத்துப் பாருங்க. கடைக்காரர் முகத்தைச் சுழிச்சா சுழிக்கட்டும். லாக்கும் குறடும் அளவு ஒத்துப் போகணும். நான் இப்ப 0.38 மில்லிமீட்டர் வயருக்கு 2 மில்லிமீட்டர் லாக் போடுறேன், அதுக்குள்ள ரெண்டு வயர் சரியா அடங்கும். பொடி லாக்குக்குத் தனியா சின்னக் குறடு இருக்கு. பெரிய குறட்டுல பொடி லாக்கை வச்சா பல் இருந்தும் பிரயோஜனமில்ல. மிஞ்சுற வயரை லாக் பக்கத்துலயே வெட்டாம ரெண்டு மூணு பாசிக்குள்ள செருகிட்டு வெட்டுங்க. சரத்தை விறைப்பா இழுத்துக் கட்டாதீங்க, ஒரு மில்லிமீட்டர் இளக்கம் வேணும். இல்லைன்னா வளையிற ஒவ்வொரு தடவையும் லாக் விளிம்பு வயரைத் தின்னும்.

இனி என் கணக்கு. நான் வித்த 14 மாலையில வளைகாப்பு மாலையோட சேத்து 11 திரும்பி வந்துருச்சு. நூல்ல முடிச்சுப் போட்ட அது ஒண்ணு போக, மத்த பத்தும் புதுக் குறடு, செம்பு லாக் வச்சு மறுபடி கோத்துக் குடுத்துட்டேன். இன்னும் மூணு பாக்கி. திசையன்விளைக்குப் போன பச்சைக் கல்லு மாலை, அம்பாசமுத்திரத்துக்குப் போன ரெண்டு சரப் பவள மாலை, ஐப்பசியில நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒருத்தங்க மகளோட பிறந்தநாளுக்கு வாங்கிட்டுப் போன சின்ன முத்துச் சரம். மூணு பேரோட நம்பரும் பழைய போனோட போச்சு. இது உங்க கண்ணுல பட்டா மாலையைப் போடாம எடுத்து வைங்க, வீட்டுல சின்னப் பிள்ளை இருந்தா உயரத்துல வைங்க. எனக்குச் சொன்னா நானே வந்து வாங்கிக்கிறேன். கோர்வை, பஸ் செலவு எல்லாம் என்னோடது.