கூரைக்குள் குட்டி போட்ட ரக்கூனும் அதை வெளியேற்றிய சேவையும்: ஸ்காபரோவிலிருந்து ஒரு மதிப்பீடு

ஏப்ரல் கடைசி வாரத்தில், ரொறன்ரோ மாநகரத்தின் ஸ்காபரோ பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் மேல்மாடிப் படுக்கையறைக்கு மேலே, இரவு பதினொரு மணிக்குப் பிறகு யாரோ வெறுங்காலுடன் நடப்பதுபோன்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. எலியென்றால் சுரண்டும், அணிலென்றால் பகலில் ஓடும், இதுவோ பாரமாகவும் அவசரமே இல்லாமலும் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குப் போய் வந்தது. "ஊரிலே முகட்டுக்குள்ள மரநாய் ஓடினது மாதிரியே கிடக்கு" என்று அம்மா சொன்னார். ஐந்தாம் இரவு, குருவிக் குஞ்சுகள் கத்துவதுபோன்ற மெல்லிய ஒலியும் அதனுடன் சேர்ந்து கேட்டபோதுதான், வந்திருப்பது ரக்கூன் எனப்படும் வட அமெரிக்கக் காட்டு விலங்கின் தாய் ஒன்று என்பதும், அது தனியாக இல்லை என்பதும் எங்களுக்கு உறைத்தது.

இந்த வேலைக்கு நாங்கள் அமர்த்திய நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே வருகிற ஆளைப் பொறுத்து வேலை மாறும் என்பதால், வேலை எப்படி நடந்தது, எதற்குக் காசு போனது, எங்கே குறை இருந்தது என்பதைச் சொல்வதே மற்ற வீட்டுக்காரர்களுக்கு உதவும். மாநகரத்தின் விலங்குச் சேவைப் பிரிவு நலமாக இருக்கும் காட்டு விலங்குகளைத் தனியார் வீடுகளிலிருந்து அகற்றுவதில்லை என்பதால், தனியார் சேவையைத் தேடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

முதலில் வந்து பார்த்தவர் வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஏணியில்கூட ஏறாமல், கூட்டுப்பொறி வைத்துத் தாயைப் பிடித்து, "திரும்பி வர முடியாத தூரத்தில்" கொண்டுபோய் விட்டுவிடுவதாக 500 டொலர் கேட்டார். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் விதிப்படி, சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் விலங்கைப் பொறியில் பிடித்தால், 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். இந்த எல்லைக்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. நோயும் விலங்கோடு சேர்ந்தே பயணம் செய்யும். ஒன்ராறியோவிலிருந்து ஒழிந்துவிட்டதாக நினைத்திருந்த ரக்கூன் விசர்நோய், 2015 டிசம்பரில் ஹமில்ரனில் மீண்டும் தலைகாட்டியதை இங்குள்ள பலர் மறந்திருக்கமாட்டார்கள். அதைவிட முக்கியமானது, குட்டிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது. தாயை மட்டும் கொண்டுபோனால், குட்டிகள் எங்கள் படுக்கையறைக்கு மேலேயே பட்டினியால் செத்திருக்கும்; அந்த நாற்றத்தோடு கோடை முழுவதும் நாங்கள் வாழ்ந்திருப்போம்.

இரண்டாவதாக அழைத்த நிறுவனம் பார்வையிடுவதற்கு 99 டொலர் வாங்கியது. வேலையை ஒப்படைத்தால் அதை மொத்தத்தில் கழித்துக்கொள்வார்கள். வந்த இளைஞர் முதல் அரை மணி நேரம் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. கூரையைச் சுற்றி ஏணியை மாற்றி மாற்றி வைத்து, கராஜின் தாழ்ந்த கூரை மேல்மாடிச் சுவரைச் சந்திக்கும் மூலையில், கூரை நீட்டலுக்குக் கீழே அடித்திருந்த அலுமினியத் தகடு வளைந்து தொங்குவதைக் கண்டுபிடித்தார். இவ்வகை வீடுகளில் ரக்கூன் நுழையும் இடம் பெரும்பாலும் இதுதான் என்றும், கராஜ் கூரை அதற்கு நின்று வேலை செய்ய ஒரு மேடைபோல உதவுகிறது என்றும் விளக்கினார். விரிசலின் விளிம்பில் சாம்பல் மயிரும், சுவரில் எண்ணெய்ப் பசைபோன்ற கரிய கறையும் இருந்தன. மூன்று ஆண்டுகளாக அந்த மூலையின் கீழேதான் நான் காரை நிறுத்துகிறேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

பிறகு, மேல்மாடி அலுமாரிக்குள் இருந்த மூடியைத் திறந்து, முகமூடியும் தடித்த தோல் கையுறையும் அணிந்து, குட்டிகளைத் தேடி, கூரைக்கு அடியிலுள்ள வெளியான அற்றிக்குள் ஏறினார். இந்தச் சேவையின் தரத்தை அளக்க ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்க்க வேண்டுமென்றால், அது இதுதான். தாயை வெளியேற்றப் பயன்படுத்தும் ஒருவழிக் கதவு என்பது வெளியே போக மட்டும் திறக்கும் கம்பிக் கதவு. அதை விலங்கு நுழைந்த வாசலில் பொருத்திவிட்டால் வெளியேறிய விலங்கு திரும்ப நுழைய முடியாது. நல்ல கருவிதான், ஆனால் குட்டிகள் உள்ளே இருக்கும்போது அதை மட்டும் பொருத்தினால், வெளியே மாட்டிக்கொண்ட தாய் அவற்றை அடைவதற்காகக் கூரையையே பிய்த்துவிடும். ரக்கூனின் முன்பாதங்களில் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக இயங்கும். பழைய பிளாஸ்ரிக் மூடிகளும் நனைந்த பலகையும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே குட்டிகளை முதலில் எடுப்பதும், கதவைப் பிறகு பொருத்துவதுமே சரியான வரிசை. இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்களிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

வெப்பக்காப்புப் பஞ்சைக் குழித்துச் செய்த படுக்கையில் நான்கு குட்டிகள் இருந்தன. கண் திறக்காததால், வயது மூன்று வாரத்துக்கும் குறைவு என்று அவர் கணித்தார். தாய் கூரையின் ஒடுங்கிய ஓரத்துக்கு ஒதுங்கி உறுமிக்கொண்டிருந்ததே தவிரப் பாயவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் இறக்கி, மெல்லிய சூடு தரும் ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியைக் கராஜ் கூரையில், கதவு பொருத்திய வாசலுக்கு அருகிலேயே கட்டினார். மனிதக் கை பட்ட குட்டிகளைத் தாய் தள்ளிவிடாதா என்று அம்மா கவலையோடு கேட்டதற்கு, அது பலரும் நம்பும் கதை, ரக்கூனுக்குப் பொருந்தாது என்றார் அவர். பெட்டியில் சூடு வைப்பதற்கும் காரணம் இருக்கிறது: இங்கே ஏப்ரல் இரவுகளில் குளிர் இன்னும் விடுவதில்லை, இந்த வயதுக் குட்டிகளால் தம் உடற்சூட்டைத் தாமாகக் காத்துக்கொள்ள முடியாது.

இடமாற்றத்தைச் செய்வது நிறுவனமன்று, தாய்தான் என்பதை அன்றிரவுதான் புரிந்துகொண்டேன். ஒரு தாய் ரக்கூன் தன் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மறைவிடங்களை அறிந்து வைத்திருக்கும். ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்றுக்குக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு அது கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கொஞ்ச நேரம் வாசலையே பிராண்டிவிட்டு, பெட்டியை முகர்ந்தது. முதல் குட்டியைக் கழுத்துத் தோலில் கவ்விக்கொண்டு, பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தில் தலைகீழாக இறங்கியதை நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு யன்னலோரம் நின்று பார்த்தோம். பின்னங்கால் பாதங்களைப் பின்னோக்கித் திருப்ப முடிவதால்தான் அதற்கு அப்படி இறங்க வருகிறது. அன்றிரவு இரண்டு குட்டிகள் போயின. மறுநாள் மழை, ஒன்றும் நடக்கவில்லை, நான்தான் நான்கு தடவை எழும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் விடியும்போது பெட்டி காலியாக இருந்தது.

வந்த செலவைச் சொல்கிறேன். குட்டிகளை எடுத்தல், பெட்டி, ஒருவழிக் கதவு, அந்த ஒரு வாசலை அடைத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் 1,150 டொலர். 13 வீத வரியுடன் 1,299.50. கூரையிலிருந்த மற்ற மூன்று காற்றுத் துவாரங்களுக்கும் கம்பிவலை போட 360 டொலர் மேலதிகம். முதல் நிறுவனத்தின் 500 டொலரோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான், ஆனால் நாம் விலை கொடுப்பது அந்தக் கம்பிவலைக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. அடைத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துத்தநாகம் பூசிய தடித்த கம்பிவலையை அளந்து வெட்டி, விளிம்பை மடித்து, ஆணிக்குப் பதிலாகத் திருகாணிகளால் மரச்சட்டத்தோடு இறுக்கியிருந்தார்கள். கோழிக்கூட்டுக்குப் போடும் மெல்லிய வலையையும், துவாரத்தில் நுரையைப் பீய்ச்சி அடைப்பதையும் ரக்கூன் ஓர் இரவில் தோற்கடித்துவிடும்.

குறைகளும் இருந்தன. கதவைக் கழற்றி வாசலை நிரந்தரமாக அடைக்க ஒரு வாரத்தில் வருவதாகச் சொன்னவர்கள் பதினோராம் நாள்தான் வந்தார்கள். இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்ட வேண்டியிருந்தது. அதைவிட எரிச்சலூட்டியது உத்தரவாதம். தொலைபேசியில் பேசிய பெண் "வீடு முழுவதற்கும்" என்றார். கையொப்பமிட்ட தாளிலோ, அவர்கள் அடைத்த இடங்களுக்கு மட்டும் என்றிருந்தது. பத்தடி தள்ளி வேறோர் இடத்தை ரக்கூன் உடைத்தால் அது புதிய வேலை, புதிய கட்டணம். தாளை வாசிக்காமல் கையெழுத்திட்டது என் பிழை என்றாலும், இதைச் சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கும் உண்டு.

அற்றிக்கைத் துப்புரவாக்குவதும் இந்தக் கட்டணத்தில் அடங்காது. ரக்கூன்கள் ஒரே இடத்தைக் கழிப்பிடமாக வைத்திருப்பவை. அந்தக் கழிவில் ஒருவகை உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கக்கூடும். சில வாரங்களில் தொற்றும் நிலையை அடையும் இம்முட்டைகள் மனிதரின் வயிற்றுக்குள் போனால், அரிதாகவே என்றாலும், மூளைக்கும் கண்ணுக்கும் கேடு விளைவிக்கும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு மசியாத இவற்றைக் கொதிநீரின் சூடு கொல்லும், ஆனால் பஞ்சின்மேல் கொதிநீர் ஊற்றவா முடியும்? அழுக்கான பகுதியை வெட்டி எடுத்துப் புதுப்பஞ்சு போட வேறொருவரை அமர்த்தினோம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைத் தாமாகச் செய்ய முனைய வேண்டாம்.

அந்த இளைஞர் புறப்படும் முன் மரத்தளமான டெக்கின் ஓரத்திலிருந்த எவர்சில்வர் தட்டைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டார். சனிக்கிழமைகளில் அம்மா காகத்துக்குச் சோறு வைக்கும் தட்டு அது. மிச்சம் கிடந்ததை யார் சாப்பிட்டார் என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வனவிலங்குகளுக்கு உணவிடுவதை ரொறன்ரோ மாநகரம் 2023 ஏப்ரலில் தடைசெய்துவிட்டதையும் அவர் பணிவாகவே சொன்னார். 2016 முதல் மாநகரம் உணவுக் கழிவுக்கான, பூட்டுப் பிடியுள்ள பச்சைத் தொட்டிகளை வீடுவீடாகக் கொடுத்ததே ரக்கூன்களைத் தடுக்கத்தான். நாங்களோ தொட்டியைப் பூட்டிவிட்டுத் தட்டில் பரிமாறிக்கொண்டிருந்தோம். அம்மா இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு தட்டு உள்ளே வந்துவிட்டது.

எல்லோருக்கும் இந்தச் சேவை தேவையா என்றால், இல்லை. ரொறன்ரோ வனவிலங்கு மையம் போன்ற அமைப்புகள் சொல்லும் மென்மையான வழி ஒன்று உண்டு: இரவும் பகலும் அற்றிக்குள் விளக்கை எரியவிட்டு, பேச்சு ஒலிக்கும் வானொலி ஒன்றை வைத்தால், தாய் அந்த இடம் பாதுகாப்பானதன்று என முடிவுசெய்து குட்டிகளோடு தானாகவே வெளியேறக்கூடும். பொறுமையும், உள்ளே எட்டிப் பார்க்க ஒரு வழியும் இருந்தால் அதை முதலில் முயலலாம். உறவினர் ஒருவர் அறிவுறுத்திய அந்துருண்டையை மட்டும் போடாதீர்கள். அதன் ஆவி ரக்கூனை விரட்டுகிறதோ இல்லையோ, கீழே உறங்குபவர்களின் மூச்சுக்குள் போகும்.

இன்னொரு முறை என்றால் நான் ஏப்ரல்வரை காத்திருக்கமாட்டேன். ரக்கூன்கள் இங்கே குளிர்காலத்தின் பிற்பகுதியில் இணைசேர்ந்து, ஏறத்தாழ 63 நாளில் குட்டி போடுகின்றன. இலையுதிர்காலத்தில், கூரைக்குள் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு அந்த மூலையையும் துவாரங்களையும் அடைத்திருந்தால், இவ்வளவு செலவு வந்திருக்காது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். அந்த மேப்பிள் மரம் அவருடைய கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. போன வாரம் அவரும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிப் போனார், உத்தரவாதத் தாளை முதலில் வாசிக்கச் சொல்லித்தான் கொடுத்தேன்.