ஃபெட் மின்சுற்றுப் பாவனை: பொருளுக்கும் குறியீட்டுக்கும் இடையே ஒரு பொத்தான்

மின்சுற்றுப் படத்தைப் பிழையின்றி வரையும் மாணவர்கள் பலர், அதே சுற்றை மேசைமீது கம்பிகளால் இணைக்கச் சொன்னால் திணறிப்போகிறார்கள். மின்கலக் குறியீட்டில் நீண்ட கோடு நேர்முனை, குறுங்கோடு எதிர்முனை என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் படம் எது எதனோடு இணைந்துள்ளது என்பதை மட்டுமே சொல்கிறது, எது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை என்பது பிடிபடுவதில்லை. இந்தச் சிக்கலுக்கு நான் பார்த்தவற்றில் மிகவும் உதவுவது ஃபெட் (PhET) என்னும் கல்வித் திட்டத்தின் நேர்மின்னோட்டச் சுற்றுப் பாவனைதான்; பாவனை என்றால் கணினித் திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் மாதிரி (simulation). 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002இல் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இத்திட்டத்தின் பாவனைகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

திரையில் 9 வோல்ட் மின்கலம், 10 ஓம் பல்புகள், கம்பிகள் ஆகியவற்றை இழுத்துவந்து இணைக்கிறோம். இரண்டு பல்புகளைப் பக்க இணைப்பில் அமைத்தால் ஒவ்வொன்றிலும் 0.90 ஆம்பியரும், மின்கலத்தின் அருகே 1.80 ஆம்பியரும் அம்மீட்டரில் தெரியும். இப்போது ஒரு பல்பைப் பிடித்துத் திரையின் மூலைக்கு இழுத்துச் சென்று, கம்பிகளைக் கோணல்மாணலாக அமைத்தாலும் அளவுகள் அசைவதில்லை. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் பல்பும் மின்கலமும் நின்ற இடத்திலேயே குறியீடுகளாக மாறுகின்றன. பாடநூலில் நேர்த்தியான செவ்வகமாக மட்டுமே சுற்றைப் பார்த்துப் பழகிய மாணவருக்கு, இந்தக் கோணல் உருவமும் அதே சுற்றுதான் என்று ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் உண்மையான கற்றல் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தொடரிணைப்பிலும் இது நன்கு உதவுகிறது. முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும் என்று நம்பும் மாணவர், அம்மீட்டரை இரு பல்புகளுக்கு முன்னும், இடையிலும், பின்னும் வைத்து எங்கும் 0.45 ஆம்பியரையே காண்கிறார். எலக்ட்ரான்களின் ஓட்டத்தையும் மரபு மின்னோட்டத்தின் (நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகக் கொள்ளப்படுவது) திசையையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்பதால், அம்புக்குறி எதைக் குறிக்கிறது என்ற குழப்பமும் குறைகிறது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. பொருளைக் குறியீடாக மாற்றும் வேலையை மாணவர் செய்ய வேண்டியிருக்க, அதைப் பொத்தானே செய்துவிடுகிறது. அதனால் பொத்தானைத் தொடும் முன் தாளில் படத்தை வரையச் சொல்வதும், பின்னர் திரையோடு ஒப்பிட்டு வேறுபாடுகளை விளக்கச் சொல்வதும் ஆசிரியரின் பொறுப்பாகிறது. கோணல் சுற்றைச் செவ்வகமாகத் திருத்தி வரையும் பயிற்சியையும் பாவனை தருவதில்லை. அதற்கும் பென்சிலும் தாளும்தான் வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் மாணவர் கையில் கொடுத்துவிட்டால், மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்துக் குறுக்குச்சுற்றாக்கித் திரையில் தீப்பிடிப்பதைப் பார்ப்பதிலேயே பாடவேளை போய்விடும்.

மின்தடையாக்கியை மேலும் கீழும் மடியும் கோடாகவோ செவ்வகமாகவோ காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்ள முடிவதால், உங்கள் பாடநூலின் குறியீட்டுக்கு ஏற்பப் பயன்படுத்தலாம். பாவனையை ஒரே கோப்பாகப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத வகுப்பறையிலும் இயங்கும். மின்சுற்றுப் பாடம் நடத்தும் எந்த ஆசிரியருக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.