விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஏற்றும் பிஎச்பி: எட்டு வருஷ பாத் தொல்லை

எட்டு வருஷமாக விண்டோஸ் லேப்டாப்பில் ஸாம்ப் (சொந்த மெஷினிலேயே சைட்டை ஓட்டிப் பார்க்க உதவும் தொகுப்பு) போட்டுத்தான் பிஎச்பி என்ற வெப்சைட் மொழியில் எழுதுகிறேன், ஏற்றுவது மட்டும் லினக்ஸ் ஹோஸ்டிங்கில். இந்த ஜோடி ஒத்து வருமா என்று கேட்டால் வரும், ஆனால் ஃபைல் பாத், அதாவது ஒரு ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டும் முகவரி விஷயத்தில் முதல் ஒரு வருஷம் அடி வாங்கித்தான் ஆக வேண்டும்.

எல்லோரும் பயமுறுத்துவது ஸ்லாஷை வைத்து. அதுதான் இருப்பதிலேயே சுலபம். விண்டோஸில் ஓடும் பிஎச்பியும் / குறியை அப்படியே எடுத்துக்கொள்ளும், எல்லா இடத்திலும் அதையே போட்டுவிட்டால் போதும். அந்தந்த சிஸ்டத்துக்கு ஏற்ற ஸ்லாஷைத் தரும் டைரக்டரி செபரேட்டர் மாறிலியை வரிக்கு நாலு தடவை புள்ளி வைத்து ஒட்டிய காலம் எனக்கும் உண்டு, இப்போது அந்தக் கோடை எனக்கே படிக்க முடியவில்லை. தப்பித்தவறி \ ஒன்றை விட்டுவிட்டால்தான் வேடிக்கை. லினக்ஸுக்கு அது ஃபைல் பெயரில் வரக்கூடிய சாதாரண எழுத்து. 'லாக்ஸ்\மே' என்று எழுதச் சொன்னேன், எர்ரர் ஒன்றும் இல்லை, லாக்ஸ் ஃபோல்டரும் காலி. மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன், நடுவில் \ உள்ள அதே பெயரோடு ஒரே ஃபைலாக வெளியே உட்கார்ந்திருந்தது.

உண்மையான வில்லன் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. (தமிழில் இந்தச் சனியன் கிடையாது, அதுவரை புண்ணியம்.) விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. ஒரு துணிக்கடை சைட்டில் நூற்றுக்கும் மேல் படங்கள், கேமராவிலிருந்து நேராக வந்தவை, ஜேபிஜி என்பது எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில். கோடில் நான் எழுதியதோ சின்ன எழுத்தில். என் மெஷினில் அட்டகாசமாக வந்தது, ஏற்றிய அன்று இரவு பக்கம் முழுக்க உடைந்த படக் கட்டங்கள். பெயரைத் திருத்தி கிட்டில் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போடலாம் என்றால், விண்டோஸில் கிட் அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. பெயர் மாற்றும் கிட் எம்வி கமாண்ட் கொடுத்து மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

அடுத்தது க்ரான், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி. பிரவுசரில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட், க்ரானில் போட்டதும் ரிப்போர்ட்டை ஹோம் ஃபோல்டரில் கொட்டியது. கமாண்ட் லைனில் ஓடும் பிஎச்பி, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்குப் போவதில்லை, கூப்பிட்ட இடத்திலேயே நிற்கும். அன்றிலிருந்து முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் டிர் மாறிலி இல்லாமல் ஒரு பாத்கூட எழுதுவதில்லை. 2009இல் பிஎச்பி 5.3இலேயே வந்துவிட்டது, எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

இப்போது இன்னொன்றும் செய்கிறேன். 2018 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10இல் எஃப்எஸ்யூடில் கமாண்ட் கொண்டு ஒரு ஃபோல்டரை மட்டும் எழுத்து வித்தியாசம் பார்க்கச் சொல்லலாம். காலி ஃபோல்டரில் அதை ஆன் செய்துவிட்டு, அதற்குள் ரிப்போவை (கிட்டில் இருக்கும் ப்ராஜெக்டை) க்ளோன், அதாவது நகல் செய்கிறேன். தப்பான எழுத்து இருந்தால் இங்கேயே, என் மேஜையிலேயே உடைகிறது. பழைய ப்ராஜெக்டுகளை மட்டும் இன்னும் அதற்குள் கொண்டுவரவில்லை, எத்தனை உடையும் என்று பார்க்கத் தைரியம் வரவில்லை.