பொருள் நல்லது, வேலை மோசம்: புதிதாக முடிந்த ஒரு வீட்டு வயரிங்

5க்கு 2 மதிப்பெண். அந்த இரண்டும் பொருளுக்கு. வயர், சுவிட்ச், எம்சிபி (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாக விழும் பிரேக்கர்) எல்லாம் தரமானவை. போர்டுகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. மூடிகளைக் கழற்றினால்தான் ஒப்பந்தக்காரரின் கைவேலை தெரிகிறது.

மின்சாரத்தை வீட்டுக்குள் பிரித்து அனுப்பும் டிபி பாக்ஸில், மின்கசிவைக் கண்டால் சப்ளையை நிறுத்தும் ஆர்சிசிபிக்குப் பின் வரும் நியூட்ரலையும் (மின்னோட்டம் திரும்பும் வயர்), அதில் சேராத சர்க்யூட்டின் நியூட்ரலையும் ஒரே இணைப்புப் பட்டையில் முடுக்கியிருக்கிறார்கள். போன மின்னோட்டமும் திரும்பி வந்ததும் பொருந்தாததால் லோடு போட்டவுடன் ஆர்சிசிபி விழும். நியூட்ரலைப் பிரிப்பதை விட்டுவிட்டு, ஆர்சிசிபியின் மேல் டெர்மினலிலிருந்து கீழ் டெர்மினலுக்கு ஜம்பர் வயர் போட்டு வேலையை முடித்துவிட்டார்கள். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய கருவி இது. இப்போது அதன் லிவர் விழுந்தாலும் சப்ளை நிற்காது. ஆளைக் கொல்லக்கூடிய தவறு. மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

ஒரு பக்கம் மட்டும் சப்ளை வரும் 2.5 சதுர மி.மீ. பிளக் சர்க்யூட்டுக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கிறார்கள். எம்சிபி இருப்பது வயரைக் காக்க. பைப்புக்குள் மற்ற வயர்களோடு நெருக்கமாகப் போகும் 2.5க்கு 20 ஆம்பியர் போதும். இப்போதைய நிலையில் 30 ஆம்பியர் ஓடினாலும் எம்சிபி விழாது, வயர்தான் சூடேறி இன்சுலேஷன் கெடும்.

சீலிங் பாயிண்டுகளில் வயரை முறுக்கி, டேப் சுற்றி, பைப்புக்குள் தள்ளிவிட்டார்கள். நாளாக நாளாக டேப்பின் பசை விடும், முறுக்கு தளரும். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடிச் சூடாகும், அந்தச் சூட்டில் இன்னும் தளரும். திறந்து பார்க்க வசதியான ஜங்ஷன் பாக்ஸில், கனெக்டர் போட்டுச் செய்திருக்க வேண்டிய இணைப்பு இது. சில டெர்மினல்களில் நுழையாத செம்பு இழைகளை வெட்டியே எறிந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வயரின் கனமே குறைந்துவிட்டது.

இரண்டு சுவிட்சுகள் மின்சாரம் வரும் பேஸ் வயருக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கின்றன. விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றுபவருக்கு அது தெரியாது.

இணையத்துக்கான கேட்6 கேபிளை மின்வயர் போகும் பைப்பிலேயே இழுத்ததும் தவறு. அதற்குத் தனிப் பைப் வேண்டும். ஜாக்கில் ஜோடி வயர்களின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக் கூடாது. இங்கே விரல் நீளத்துக்குப் பிரித்திருக்கிறார்கள்.

சரிசெய்யும்போது மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். முதலில் ஜம்பரை எடுத்து நியூட்ரல்களைப் பிரிப்பது, பிறகு எம்சிபி, பிறகு இணைப்புகள். முடிந்ததும் எல்இடி விளக்கு, ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகரால் சோதிக்க வேண்டும்; ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டை ஏற்கக் கூடாது. ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் தொடர்ச்சியும் பார்க்க வேண்டும். இந்த அளவீடுகளில் ஒன்றுகூட எழுத்தில் தரப்படவில்லை. அவை வரும்வரை மீதித் தொகையைக் கொடுக்க வேண்டாம்.