மூன்று சுழி மூடாமல் இருக்க: கிம்ப் மென்பொருளுடன் பன்னிரண்டு ஆண்டுகள்

எங்கள் அச்சகத்துக்கு வரும் வேலைகளில் மிக அவசரமானது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான். காலையில் இறப்பு, மாலையில் அடக்கம் என்றால், இடையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் உறவினர் கொண்டுவரும் மங்கிய படத்தைச் சீர்செய்து, பின்னணியை நீக்கி, பெயரையும் தேதியையும் தெருமுனையிலிருந்தே படிக்கும்படி அமைத்து, அச்சுக்கு அனுப்பிவிட வேண்டும். 2013 முதல் இந்த வேலையையும், காதணி விழா அழைப்பிதழ், குடமுழுக்கு ஃபிளக்ஸ் போன்ற மற்ற வேலைகளையும் படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில்தான் செய்து வருகிறேன். 2.8 பதிப்பில் தொடங்கி, 2018இல் வெளிவந்த 2.10ஐ ஏழு ஆண்டுகள் பயன்படுத்தி, 2025 மார்ச்சில் 3.0 வந்த பின் அதற்கு மாறியிருக்கிறேன். மூன்று பதிப்புகளிலும் எழுத்துக்கும் படத்துக்கும் விளைவு கூட்டியதில் கண்டவற்றை, தமிழ் எழுத்தை வைத்து வேலை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பெர்க்கிலியில் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது, கட்டணம் இல்லை. ஆனால் நான் இதற்கு வந்தது பணத்துக்காக அல்ல, கொம்புக்காக. அதற்கு முன் கடையில் இருந்த வேறொரு மென்பொருளின் பழைய பதிப்பில் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியாக்கம்) தமிழை ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொ' என்பது இரண்டு துண்டாகப் பிரியாமல் எழுத்துக்குப் பின் ஒரே குவியலாகக் கிடக்கும். அதனால் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்வதே வழக்கமாக இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்துகளின் கூளமாகத் தெரியும். கிம்ப் எழுத்தை அமைக்கும் பொறுப்பைப் பாங்கோ என்ற நிரலகத்திடம் (பிற மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு) விட்டிருப்பதால், யூனிகோடு தமிழ் எனக்கு முதல் நாளிலிருந்தே கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்க வந்தது. கட்டணமின்றிக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், பலூ தம்பி, கவிவாணர் ஆகிய எழுத்துருக்களை நிறுவிக்கொண்டதும் பழைய எழுத்துரு மூட்டையைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன்.

விளைவுகளில் நான் முதலில் கற்றதும் இன்றுவரை அதிகம் பயன்படுத்துவதும் எழுத்தைச் சுற்றிய வரம்புக்கோடு. எழுத்தின் வடிவத்தைத் தேர்வாக மாற்றி, அதைச் சில பிக்சல் விரித்து, கீழே ஒரு புதிய லேயரில், அதாவது கண்ணாடித் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்கில், வேறு நிறம் நிரப்பினால் முடிந்தது. ஆங்கிலத் தலைப்பு ஒன்றில் இதைச் செய்து பழகியவர் அதே அளவைத் தமிழுக்கும் வைத்தால் அங்கேதான் வழுக்கி விழுவார். விரிவு எழுத்துக்கு வெளியே மட்டும் போவதில்லை, சுழியின் உட்புறத்தையும் எல்லாப் பக்கமிருந்தும் நெருக்குகிறது. நான் ஒருமுறை அளந்து பார்த்த எழுத்துருவில் 240 பிக்சல் உயர எழுத்தின் 'ண' சுழிக்குள் இருந்த வெற்றிடம் ஏறத்தாழ 20 பிக்சல். ஆறு பிக்சல் விரித்தால் எட்டு மிஞ்சும். பத்து விரித்தால் சுழி முழுவதும் மூடிவிடும். மூடிய சுழிகளைத் தூரத்திலிருந்து எண்ண முடியாது. மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒன்றுபோலத் தெரிய, பள்ளியில் அடி வாங்கிக் கற்ற வேறுபாடு சுவரொட்டியில் காணாமல் போகும்.

இதைவிட மோசமாகப் பாதிக்கப்படுவது புள்ளி. வரம்புக்கோடு தடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எழுத்தை மேடாக்கிக் காட்டும் பெவல் விளைவு கூடினால், ஒளிப் பக்கமும் நிழல் பக்கமும் சேர்ந்து அந்தச் சிறு வட்டத்தை விழுங்கிவிடுகின்றன. ஆகவே எந்தப் புது எழுத்துருவையும் எந்தப் புது விளைவையும் 'கண்ணீர் அஞ்சலி' என்ற சொற்றொடரில்தான் சோதித்துப் பார்க்கிறேன். அதில் மூன்று சுழி இரண்டு முறை வருகிறது, புள்ளி மூன்று முறை வருகிறது, 'ஞ'வின் வளைவும் இருக்கிறது. அமங்கலமான சொல்லை வைத்துத் திருமண அழைப்பிதழைச் சோதிக்கலாமா என்று கடைக்கு வந்த ஒரு பெரியவர் கடிந்துகொண்டார். அவர் போனதும் மறுபடி அதையே தட்டச்சு செய்தேன்.

நிழல் விளைவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2.10 பதிப்பில் நிழல் வடிகட்டியை (ஒரு விளைவை உருவாக்கும் கட்டளைக்கு வடிகட்டி என்று பெயர்) திறந்தால் வலப்பக்கம் 20, கீழ்ப்பக்கம் 20 பிக்சல் என்ற மதிப்புகள் தாமாக வந்து நிற்கும். ஒற்றை வரித் தலைப்புக்கு அது போதும். 'குடமுழுக்கு' என்பதை மேல் வரியிலும் 'அழைப்பிதழ்' என்பதைக் கீழ் வரியிலும் வைத்தால், மேல் வரியில் கீழே இறங்கும் உகரக் குறிகளின் நிழல் கீழ் வரியின் புள்ளியின் மேல் போய் விழும். வரி இடைவெளியைக் கூட்டுவதைவிட, நிழலை ஆறு அல்லது எட்டு பிக்சலுக்குள் சுருக்கி மங்கலை மட்டும் கூட்டுவது நல்ல பலன் தருகிறது. 2.10இல் சேர்ந்த நீள்நிழல் வடிகட்டி தட்டையான சின்னங்களுக்கு அழகாக இருந்தாலும், தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கிடையே அது நுழையும்போது சொல் முழுவதும் ஒரே கட்டியாகிவிடுவதால் நான் தொடுவதில்லை.

வாடிக்கையாளர் பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது தங்க எழுத்து. கரும்பழுப்பு, மஞ்சள், வெளிர்மஞ்சள், மீண்டும் பழுப்பு என்று மாறும் நிறச்சரிவை எழுத்துக்குள் மேலிருந்து கீழாக ஊற்றி, மெல்லிய பெவல் கொடுத்தால் திரையில் நகைக்கடை விளம்பரம் போல மின்னும். பலர் கவனிக்காத ஒன்று, ஒளி வரும் திசை. பின்னணியில் இருக்கும் கோபுரப் படத்தில் வெயில் வலப்பக்கமிருந்து விழ, எழுத்தின் மினுமினுப்பு இடப்பக்கமிருந்து வந்தால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாதவருக்குக்கூட எழுத்து படத்தின்மேல் ஒட்டிய தாள் போலத் தோன்றும்.

3.0 பதிப்பைப் பற்றி எனக்குள்ள மகிழ்ச்சிக்குக் காரணம் ஒரு 'ல'கரம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அழைப்பிதழின் தலைப்பில் தங்கச்சரிவு, பெவல், வரம்புக்கோடு, நிழல் எல்லாம் முடித்துப் புரூஃப் காட்டியபோது, 'அழைப்பிதல்' என்று இருப்பதை மணமகளின் தங்கை கண்டுபிடித்தார். தட்டச்சு செய்தவன் நான்தான். பழைய பதிப்புகளில் வடிகட்டியைச் செலுத்திய கணத்திலேயே எழுத்து வெறும் படமாகிவிடும். திருத்த முனைந்தால், இதுவரை செய்த மாற்றங்கள் போய்விடும் என்று மென்பொருள் எச்சரிக்கும். ஒரு மணி நேர வேலையைத் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்தேன். 3.0இல் வடிகட்டிகள் லேயரோடு கலக்காமல் அதன்மேல் தனித்தனியாக நிற்கின்றன. நிழலின் அளவை நாளை மாற்றலாம், பெவலைச் சற்று நேரம் மறைத்துப் பார்க்கலாம், எழுத்துக் கருவியால் சொல்லைத் திருத்தினால் விளைவுகள் புதுச் சொல்லின் மேல் தாமாகப் படிந்துகொள்கின்றன. கோப்பைக் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் சேமித்தால் அடுத்த முறை திறக்கும்போதும் அவை அப்படியே இருக்கும். வரம்புக்கோட்டை எழுத்துக் கருவியிலேயே கொடுக்கும் வசதியும், வரம்பு, நிழல், பெவல் ஆகியவற்றை ஒரே சாளரத்தில் தரும் கெகல் ஸ்டைல்ஸ் என்ற வடிகட்டியும் இதே பதிப்பில் வந்தவை. ர, ற, ல, ள, ழ என்று இடறக்கூடிய மொழியில் வேலை செய்பவருக்கு இந்த ஒரு மாற்றத்துக்காகவே பதிப்பை உயர்த்திக்கொள்ளலாம்.

படங்களுக்கு வருகிறேன். சுவரொட்டிக்கு வருபவை பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படங்களோ, ஸ்டுடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களோதான். அவற்றை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, லெவல்ஸ் கருவியால் கறுப்பையும் வெள்ளையையும் இழுத்து நிறுத்துவதே பாதி வேலையை முடித்துவிடும். சொரசொரப்பான தாளில் அச்சிட்ட படமானால் தாளின் மணிகள் முகம் முழுவதும் படர்ந்திருக்கும். அதற்கு 2.10இல் சேர்ந்த வேவ்லெட் பிரிப்பு கைகொடுக்கிறது. அது படத்தை நுண்ணிய விவரத்திலிருந்து பருமனான வடிவம்வரை பல லேயர்களாகப் பிரித்துத் தருகிறது. மணி தெரியும் லேயரில் மட்டும் மங்கலாக்கினால் கண்ணும் மீசையும் கூர்மை இழப்பதில்லை. கீறல்களுக்கு ஹீல் கருவி போதும். ஆனால் கை நிற்காமல் தடவிக்கொண்டே போகும் ஆபத்து உண்டு. ஒரு தாத்தாவின் கன்னத்தில் இருந்த கரும்புள்ளியை அழுக்கு என்று எண்ணி நீக்கிவிட, "அது அப்பாவோட மச்சங்க, அது இல்லாம அவரு மாதிரியே இல்ல" என்று அவர் மகன் சொன்னார். அன்றிலிருந்து வீட்டாரைக் கேட்காமல் முகத்தில் எதையும் நீக்குவதில்லை.

பின்னணியை நீக்குவதில் வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளைச் சட்டையோடு எடுத்த படம் இன்றும் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. முன்புலத் தேர்வுக் கருவி தலைமுடியை நன்றாகப் பிரித்தாலும் தோள்பட்டையைச் சுவரோடு சேர்த்துவிடுகிறது. அங்கே பாதைக் கருவியால் (பாத்ஸ்) கையாலேயே கோடு போட்டு, அழிக்காமல் லேயர் மாஸ்க் என்ற மறைப்புத் திரை மூலம் மறைக்கிறேன்.

கிம்ப்பிடம் எனக்குக் குறையாகத் தெரிவது அச்சு சார்ந்தது. மென்பொருள் அடிப்படையில் திரைக்குரிய மூவண்ண முறையிலேயே இயங்குகிறது. 3.0இல் நால்வண்ண அச்சின் தோற்றத்தைத் திரையில் முன்கூட்டிப் பார்க்க முடிந்தாலும், படத்தை அந்த முறையிலேயே வைத்துத் திருத்த முடிவதில்லை. திரையில் மின்னிய தங்கம் தாளில் மஞ்சள் கலந்த களிமண்ணாக வந்த அனுபவத்துக்குப் பின், பழுப்பைக் குறைத்து வெளிர்மஞ்சளைக் கூட்டித்தான் அனுப்புகிறேன். அடுத்தது நினைவகம். ஆறுக்கு நான்கு அடி ஃபிளக்ஸை அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தாலே 5184க்கு 3456 பிக்சல்; எட்டு பிட் ஆழத்தில் (ஒரு பிக்சலின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒதுக்கும் அளவு) லேயர் ஒன்றுக்கு 70 எம்பிக்கு மேல் பிடிக்கும், 32 பிட் ஆழத்தில் அது நான்கு மடங்கு. எனவே ஃபிளக்ஸ் வேலைகளை எட்டு பிட்டிலேயே செய்கிறேன், பழைய படம் சீர்செய்யும்போது மட்டும் ஆழத்தைக் கூட்டுகிறேன்.

அழைப்பிதழின் உள்பக்கத்தில் நாற்பது உறவினர் பெயர் கொண்ட பத்திகளை நான் இதில் அமைப்பதில்லை. அவற்றை ஆவணம் தயாரிக்கும் மென்பொருளான லிப்ரே ஆபிஸில் அமைத்துத் தனியே அச்சுக்கு அனுப்புகிறேன். தலைப்பு எழுத்தும் படமும் மட்டும் கிம்ப்புக்கு. அனுப்பும் முன் திரையைக் கால் பங்காகச் சுருக்கி, நாற்காலியை விட்டு எழுந்து, கதவருகே போய் நின்று சுழிகளை எண்ணிப் பார்க்கிறேன். எண்ண முடியாவிட்டால் வரம்புக்கோட்டில் இரண்டு பிக்சல் குறைக்கிறேன்.